'ஆமா'வும் 'இல்லை'யும்

கருத்தரங்குக் கூடத்து வாசலில் பேனரைப் பார்த்ததுமே கனிஷ்காவுக்கு வயிறு எரிந்தது. 'மென்பொருள் அறிமுகம்: அஃப்ஷீன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"டிபார்ட்மென்ட்டுல சேர்ந்து ரெண்டு வருசம்கூட ஆகல. அதுக்குள்ள பேனரு!"

"அவங்கதானுங்க எழுதுனாங்க?" என்றான் கூடப் படிக்கும் தீபக்.

"முழுசும் அவளா எழுதுனா? நானும்தான் உக்காந்து எழுதிக் குடுத்தேன். அதெல்லாம் யாருக்குத் தெரியுது!"

கனிஷ்காவும் அஃப்ஷீனும் உளவியல் ஆராய்ச்சி மாணவிகள். வார்த்தைகளைக் காட்டி நடத்தும் ஞாபகச் சோதனையில் ஒருவர் "இந்த வார்த்தையைப் பார்த்தேன்" என்று சொன்னால், அது நிஜமான ஞாபகமா, குத்துமதிப்பாகச் சொன்ன பதிலா என்று பேயீசியன் என்னும் நிகழ்தகவுக் கணக்கு போட்டுப் பிரித்துக் காட்டும் அந்த மென்பொருள். ஒவ்வொருவரையும் தனியாகவும் பார்க்கும், கூட்டத்தோடு சேர்த்தும் எடைபோடும்.

துறைத் தலைவி சாந்தாமணி மேடத்துக்கு இப்போதெல்லாம் வாயைத் திறந்தால் அஃப்ஷீன் புராணம்தான். முன்பெல்லாம் "கனிஷ்கா கண்ணு" என்று கூப்பிட்டவர்.

முன்வரிசையில் டாக்டர் கோபாலசாமி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் அவருடைய முதியோர் மருத்துவமனையில் இந்த மென்பொருள்தான். அஃப்ஷீனுக்கு அங்கேயே வேலையும் கிடைத்துவிடும்.

'சொதப்பட்டும், சாமி' என்று கனிஷ்கா மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டியதில் அவளுக்கு வெட்கம்கூட வரவில்லை.

தொண்டாமுத்தூர் விவசாயிகளிடம் சோதனை நடத்தி, 'ஆமா', 'இல்லை' என்று தமிழில் வாங்கிய பதில்களை அஃப்ஷீன் மென்பொருளுக்குள் கொடுத்தாள். திரையில் முடிவு வந்தது.

டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஏம்மா, காட்டுன வார்த்தை ஒண்ணுகூட இவங்களுக்கு ஞாபகம் இல்லீங்களா? காட்டாத வார்த்தை மட்டும் நல்லா ஞாபகம் இருக்குதாமே?"

கூடமே சிரித்தது. கனிஷ்கா கொஞ்சம் சத்தமாகவே சிரித்தாள்.

மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. "என்ன அஃப்ஷீன் இது? எங்க தப்பு?"

அஃப்ஷீன் லேப்டாப்பில் பரபரவென்று தேடினாள். ஓரிடத்தில் நின்றாள். நிமிர்ந்து ஏதோ சொல்ல வந்தவள், கூட்டத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"என் தப்புதானுங்க மேடம். சரியா சோதிச்சுப் பாக்காம கொண்டாந்துட்டேன்."

"இன்னொரு நாள் பாக்கலாம்மா" என்று டாக்டர் எழுந்து போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும், துக்கம் விசாரிப்பவள் போல முகத்தை வைத்துக்கொண்டு கனிஷ்கா மேடைக்குப் போனாள்.

"என்ன அம்மணி, இப்படி ஆயிப்போச்சு! எங்க தப்புன்னு தெரிஞ்சுதா?"

"அப்பவே தெரிஞ்சுதுங்க்கா. 'ஆமா'வும் 'இல்லை'யும் இடம் மாறியிருக்குது. சின்ன வேலைதான், அஞ்சு நிமிசத்துல திருத்திப்போடலாம்."

"அட, இவ்வளவுதானா? அதை அங்கயே சொல்லியிருந்தா டாக்டர் உக்காந்திருப்பாரே! வேலையும் போச்சு, பேரும் போச்சு. ஏன் அம்மணி வாயை மூடிட்டு நின்னே?"

அஃப்ஷீன் சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அது யாரு எழுதுனதுன்னு மேடம் கேப்பாங்க. அத்தனை பேரு முன்னாடி உங்களைக் கைகாட்ட மனசு வரலீங்க்கா. தமிழ்ப் பதிலைப் படிக்கிற அந்தப் பகுதி, நீங்க எழுதிக் குடுத்ததுங்க."