காலிக் கட்டம்

"இந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் கிரேடு போட்டது நான்தான். 'ஏ' வாங்காத அத்தனை பேரையும் புதுக் கிளைக்கு மாத்தச் சொல்லி முதலாளி உத்தரவு. லிஸ்ட் எடும்மா" என்றார் மேனேஜர்.

டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒரே நிமிஷத்தில் எடுத்துவிட்டாள். "'ஏ' வாங்கினவங்க அறுபத்தோரு பேர். வாங்காதவங்க நூத்தி முப்பத்தெட்டுப் பேர் சார்."

"மொத்தம் இருநூறாச்சே! யாரை ஒளிச்சு வெச்சிருக்கே? என் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது!"

"ஒருத்தருக்கு கிரேடு கட்டமே காலியா இருக்கு சார். காலியா இருந்தா கம்ப்யூட்டர் 'ஏ'ன்னும் சொல்லாது, 'ஏ' இல்லேன்னும் சொல்லாது. ரெண்டு லிஸ்ட்லயும் வராது. அது யாருன்னா..."

"யாரா இருந்தா என்ன? என் கண்ணுலயே படாதவன் இங்க என்னத்தைக் கிழிச்சிருப்பான்? அவனையும் சேர்த்து அனுப்பு!"

"அப்ப எழுதிக் குடுத்துடுங்க சார்."

கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டார்.

மாலைக்குள் நூற்று முப்பத்தொன்பது மாற்றல் உத்தரவுகளும் போய்ச் சேர்ந்தன. கடைசிக் கவர் மேனேஜரின் மேஜைக்கு வந்தது. பிரித்தவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாருக்கும் நீங்க கிரேடு போட்டீங்க சார்" என்றாள் அவள். "உங்களுக்குப் போடத்தான் ஆளில்லை."