இரண்டாம் சமையல்காரர்

எல்லப்பன் சாம்பார் சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார்.

கரண்டியோடு பக்கத்தில் நின்ற மோனிஷா அவர் வாயையே பார்த்தாள்.

அவள் வாலிபால் கோச். திருத்தணி மகளிர் கல்லூரிக்கு வந்த மூன்று வருஷத்தில், பொதட்டூர்பேட்டை தறிக்காரர் வீட்டுப் பெண்களையும் கனகம்மாசத்திரத்து விவசாயி வீட்டுப் பெண்களையும் சேர்த்து, திருப்பதி வரைக்கும் போய்க் கோப்பை தூக்கி வரும் டீமாக ஆக்கியிருந்தாள்.

ஆனால் அந்தக் கல்லூரியில் கோச் என்று ஒரு வேலையே கிடையாது. விளையாட்டுக்குச் சம்பளமா என்று நிர்வாகக் குழு கையை விரித்துவிட்டது.

விடுதியில் இரண்டாம் சமையல்காரர் இடம் காலியாக இருந்தது. செயலாளர் மணவாளன் சத்தமில்லாமல் அவளை அதில் போட்டுவிட்டார்.

இன்று தணிக்கைக்கு வந்த எல்லப்பன் சம்பளப் பதிவேட்டைப் புரட்டினார், மோனிஷாவை ஏற இறங்கப் பார்த்தார், மதியச் சாப்பாடு அவள் கையால்தான் வேண்டும் என்றார். நிஜச் சமையல்காரி கன்னியம்மாளை எழுந்து போகவிடாமல் தன் எதிரிலேயே உட்காரவைத்துக்கொண்டார்.

மோனிஷாவுக்கு வெந்நீர் போடத் தெரியும். மற்றதை மலைமேல் இருக்கிற முருகனிடம் விட்டுவிட்டாள்.

பருப்பு வேகவில்லை. உப்பு போட்டோமா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவையும் போட்டிருந்தாள். பரிமாறக் குனிந்தபோதுதான் கழுத்தில் விசில் தொங்குவதைக் கவனித்தாள்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே மொத்த டீமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இவள் வேலை போனால் அடுத்த வாரம் வேலூர் போட்டிக்கு அவர்களை யார் அழைத்துப் போவது?

எல்லப்பன் மென்றார். வாய்க்குள் ஏதோ கடக்கென்றது. கண்ணோரம் நீர் கட்டியது. கன்னியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவரோ இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இடது கையால் பதிவேட்டை இழுத்து, ‘இரண்டாம் சமையல்காரர், பணி திருப்தி’ என்று எழுதச் சொல்லி மணவாளனிடம் நீட்டினார்.

மணவாளன் அவர் சொன்னதை அப்படியே எழுதி முடித்தார்.

கொல்லையில் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள் மோனிஷா. யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு எல்லப்பன் குரலைத் தாழ்த்தினார்.

“வயசுல என்னிய ஒரு மில்லுல கபடி ஆடத்தாம்மா சேத்துக்கினாங்க. ரிஜிஸ்டர்ல டிரைவர்னு எழுதிட்டாங்க. ஒரு நாளு மொதலாளி, வண்டிய எடுடான்னுட்டாரு. உன் சாம்பாரு எவ்ளோவோ தேவலாம்மா. நான் நேரா கொளத்துல எறக்கிட்டேன்.”