வேலை செய்யாத போர்ட்

“முரட்டுத்தனமா சொருகியிருப்பா. உடையாம என்ன செய்யும்?”

முதலாளி அனுப்பிய மெக்கானிக் பையைக் கீழே வைப்பதற்குள் புரூஃப்காரம்மா ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சின்ன அச்சகத்தில் இரண்டே கம்ப்யூட்டர். ஒன்றில் லேஅவுட்காரம்மா பக்கம் வடிவமைப்பார். அடுத்த மேஜையில் புரூஃப்காரம்மா பிழை திருத்துவார். லேஅவுட்காரம்மாவின் கம்ப்யூட்டரில் முன்பக்க யூஎஸ்பி போர்ட் செத்து மூன்று வாரம். பின்பக்கம் கீபோர்டு, மவுஸ், பிரின்டர், ஸ்கேனர் என்று ஒரு ஓட்டை பாக்கியில்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவை எல்லாம் அடுத்த மேஜையில்தான் போட்டு எடுக்க வேண்டும்.

“ஒரு நாளைக்குப் பத்து தடவை என் தலைமேல வந்து நிக்கறா தம்பி. எனக்கு வேலை ஓட வேண்டாமா?”

லேஅவுட்காரம்மா காதில் விழாதவர் போல எழுந்து, அச்சான தாள்களை எடுக்க மெஷின் ரூமுக்குப் போனார்.

மெக்கானிக் போர்ட்டுக்குள் டார்ச் அடித்தான். உள்ளேயிருந்த கம்பி எதுவும் வளையவில்லை. டிரைவர் சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றினான். வேறு மவுஸைச் சொருகிப் பார்த்தான். ஊஹூம்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். போர்ட்டிலிருந்து வரும் வயர், மதர்போர்டில் மாட்டாமல் தனியே தொங்கியது.

“இது தானா கழண்டு வராதே! யாரோ வேணும்னே எடுத்துவிட்டிருக்காங்க. முதலாளிகிட்ட சொல்லிடறேன்” என்று போனை எடுத்தான்.

“ஐயோ, வேண்டாம் தம்பி!” புரூஃப்காரம்மாவின் குரல் சட்டென்று இறங்கியது. “நான்தான்.”

“நீங்களா? கூட இருக்கறவங்க வேலையையும் கெடுத்துட்டு, அவங்களையே குத்தமும் சொல்றீங்களா?”

“பத்து மாசமா எங்களுக்குள்ள பேச்சே இல்ல. என் பையன் கல்யாணத்துக்கு வாயால ஒரு வார்த்தை கூப்பிடாம, பத்திரிகையை அவ மேஜையில வெச்சுட்டுப் போயிட்டேன். அவ வரல. நானும் ஏன்னு கேக்கல. வீம்பு வளர்ந்துபோச்சு. போன தடவை நீங்க தூசு தட்டும்போது இந்த வயரைப் பாத்து வெச்சிருந்தேன்.”

மெக்கானிக் போனைப் பையில் போட்டான்.

“பக்கத்துல வந்து நின்னாதானே பேச்சு வரும்? முதல் வாரம் கையால ஜாடை. அடுத்த வாரம் ‘கொஞ்சம் நகரு’. நேத்து ‘சாப்பிட்டியா’ன்னு கேட்டுட்டா தம்பி!”

காலடிச் சத்தம் கேட்டது. மெக்கானிக் வயரைத் தொடாமலே மூடியைப் போட்டு ஸ்குரூவை முடுக்கினான்.

“என்ன ஆச்சு?” தாள்கட்டோடு வந்த லேஅவுட்காரம்மா கேட்டார்.

“போர்ட் போயிடுச்சும்மா. புதுசு வர ஒரு வாரம் ஆகும்.”

“அடக் கடவுளே, இன்னும் ஒரு வாரம் இந்தத் தொல்லையா!” என்று சத்தமாக அலுத்துக்கொண்டார் புரூஃப்காரம்மா.

மெக்கானிக் கிளம்பினான். லேஅவுட்காரம்மா வாசல்வரை கூடவே வந்தார். ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார்.

“ரொம்ப நன்றி தம்பி. வயர் தொங்கறதை நான் முதல் நாளே திறந்து பாத்துட்டேன். மாட்டிட்டா அவகிட்ட போய் நிக்க முடியாதேன்னுதான் மூடி வெச்சுட்டேன்.”