காயல் பார்த்த அறை

“அவங்க பண்ணுன அசிங்கத்தை நீ ஏம்மா எடுக்கறே?”

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் மலையேறிப் போய், ஏர்க்காட்டு லாட்ஜ் ஒன்றில் அறை கூட்டிய ஒரு தாயிடம், பள்ளி விடுமுறையில் கூடவே போன மகள் கேட்ட கேள்வி அது. தாய் படுக்கை விரிப்பின் மூலையை முக்கோணமாக மடித்துச் செருகிக்கொண்டே சிரித்தாள்.

“யாராச்சும் ஒருத்தராவது சுத்தமா உட்டுட்டுப் போனா, அன்னைக்கு அம்மா சீக்கிரம் ஊட்டுக்கு வந்துருவேன் சாமி.”

அது எப்போதோ நடந்தது. இப்போது மலைக்குக் கீழே டவுனில், ஃபேர்லேண்ட்ஸ் பகுதியின் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில், அதே கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரி தீபிகா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இருபத்தைந்து நாள்தான் ஆகிறது. “திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர் குடும்பம். இந்தப் பார்ட்டி கையை விட்டுப் போச்சுன்னா, நீயும் போயிடலாம்” என்று முதலாளி பிரபாகர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

கப்பல் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கொச்சியில் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் தங்க ஓர் ஓட்டல்தான் பாக்கி. “ரொம்பப் பெருசும் வேண்டாம், மட்டமும் வேண்டாம். நடுத்தரமா, தண்ணியப் பாத்தாப்புல இருக்கோணும்” என்று கேட்டிருந்தார்கள். மூன்று நாளாகப் பார்க்கிறார்கள். இது பன்னிரண்டாவது ஓட்டல்.

காதில் வைரத்தோடு மின்ன, சௌந்திரம் அம்மாள் மூக்கைச் சுளித்தபடி திரையைப் பார்த்தாள். முன்னால் தங்கியவர்கள் காலி செய்துவிட்டுப் போன அறை என்று யாரோ இணையத்தில் போட்டிருந்த படம். மெத்தைமேல் கோழி எலும்பு, குழம்பு துடைத்த துண்டு, குளியலறைத் தரையில் குழந்தையின் டயப்பர்.

“சீ! மனுசங்களா இவங்க?”

“அது பழைய போட்டோங்கம்மா. இப்ப நல்லா வெச்சிருக்காங்க.”

“இங்க ஒருத்தி எத்தனை ரூம் கூட்டறாளாம்?”

ஒவ்வொரு ஓட்டலுக்கும் இந்தக் கேள்விதான். தீபிகா போன் போட்டுக் கேட்டாள். “பதினெட்டுங்கம்மா.”

“த்தூ! அங்க வேண்டாம். அடுத்ததைக் காட்டு.”

அவசரமாகக் கூட்டினால் மூலையில் அழுக்கு தங்கிவிடுமாம், மகராணிக்கு ஆகாதாம் என்று தீபிகா நினைத்துக்கொண்டாள். அந்தச் சுளித்த மூக்கைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த கணவர் நவநீதகிருஷ்ணன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். “இவ கோயில் கோபுரத்துலயே ஒட்டடை தேடறவ கண்ணு. எங்க தங்குனாலும், காலி பண்ற அன்னைக்கு நான் கார்ல முக்கா மணி நேரம் காத்துக் கெடக்கோணும். சீவிச் சிங்காரிச்சுக்கிட்டு அம்மணி எறங்கி வரோணுமில்ல!”

“நீங்க சித்த வாய மூடுங்க” என்றாள் அம்மாள்.

பதின்மூன்றாவது ஓட்டலில் ஜன்னல் நிறையக் காயல் தெரிந்தது. அம்மாள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. திரையில் படுக்கைப் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, “மூலை மடிப்பு சரியில்ல” என்றாள். பிறகு, “தொடப்பம், பக்கெட்டு, பினாயிலெல்லாம் அந்த மாடியிலயே இருக்குமான்னு கேளு.”

பணம் சேரச் சேர இப்படியா அருவருப்பும் சேரும்? தீபிகா எண்களை அழுத்தினாள். அந்த மாடிக்கே இணைப்புக் கொடுத்தார்கள்; அறை கூட்டும் பெண்ணே எடுத்துப் பேசினாள். மேட்டூர்க்காரி, பெயர் அத்தாயி.

“ஆளுக்கு ஒம்பது ரூமுங்க. சாமானெல்லாம் எங்க மாடியிலயே இருக்குதுங்க. ஏனுங்க, வர்றவங்க ரொம்பச் சுத்தம் பாப்பாங்களோ?” குரலில் பயம் இருந்தது.

“ரொம்ப. பாத்து இருந்துக்க” என்று சொல்லி போனை வைத்த தீபிகா, “ஒம்பதுங்கம்மா. சாமானும் அங்கயே இருக்குதாம்” என்றாள்.

“ஒம்பதுதானா? அப்ப இங்கயே போட்டுரு சாமி.” அம்மாள் எழுந்தாள். “உனக்கு எந்த ஊரு?”

“கொண்டப்பநாயக்கன்பட்டிங்க.”

மூன்று நாளில் முதல் தடவையாக அந்த முகம் இளகியது. “அடிவாரமா! காலைல மொத பஸ்ஸு இன்னும் மலைக்குப் போகுதா?”

“போகுதுங்கம்மா.” வாசலில் இத்தனை பெரிய கார் நிற்க, பஸ் எதற்கு என்று தீபிகாவுக்குத் தோன்றியது. அவர்கள் போனதும் அந்த நாற்காலியை ஈரத்துணியால் துடைத்தாள். ஏனோ துடைக்க வேண்டும் போல இருந்தது.

பத்து நாள் கழித்து, ஒரு முற்பகலில் கொச்சியிலிருந்து போன் வந்தது. புகார்தான், வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

“அக்கா, நான் அத்தாயி. நீங்க போட்ட இருநூத்தி ஏழாம் ரூமுல நேத்து யாரும் தங்கலீங்களா?”

“தங்கினாங்களே! இந்நேரம் கப்பலுக்கே போயிருப்பாங்க. ஏன், என்ன குறை சொன்னாங்க?”

“குறையா! பாத்ரூம் பளிச்சுனு கழுவிக் கெடக்குது. குப்பைக்கூடை காலி. அழுக்குத் துணிய மூட்டை கட்டிக் கதவோரம் வெச்சிருக்குது. எங்க மாடி அலமாரியில இருந்து புது விரிப்பு எடுத்து விரிச்சு, நாலு மூலையும் முக்கோணமா மடிச்சுச் செருகியிருக்குது. இது ஊட்டுப் பொம்பளைங்க மடிப்பு இல்லீங்க, எங்க மடிப்பு. யாரு பண்ணுனாங்கன்னு ஒருத்தரும் பாக்கல.”

தீபிகா நிமிர்ந்து பார்த்தாள். அவள் துடைத்த நாற்காலி எதிரே காலியாக இருந்தது.

அந்தப் பக்கம் அத்தாயி சிரிப்பது கேட்டது.

“யாரோ புண்ணியவதி. இன்னைக்கு நான் சீக்கிரம் ஊட்டுக்குப் போறேன்க்கா.”