அப்பாவின் மறதி

"நேத்து மட்டும் பத்தொன்பது தடவை 'இன்னிக்கு என்ன கிழமை'ன்னு கேட்டிருக்கீங்கப்பா! 'மாத்திரை எத்தனை மணிக்கு'ன்னு பதினோரு தடவை!" கைபேசியைப் பார்த்துப் பொரிந்தாள் மகள். மறதிக்கு உதவட்டுமென்று கேட்டதற்குப் பதில் சொல்லும் பேசும் பெட்டி ஒன்றை வாங்கி வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை; அதனிடம் கேட்பதெல்லாம் அவள் கைபேசியில் பதிவாகிவிடும்.

"பெட்டியே சலிச்சுக்கலை, நீ ஏம்மா சலிச்சுக்கறே?" என்றார் அப்பா.

"அவரைத் திட்டாதேடி," என்று சோபாவிலிருந்து அம்மா பரிந்து வந்தாள். "வயசானா மறதி வரத்தான் செய்யும். பெட்டி மணி சொன்னதும் அவர் மாத்திரையை எடுத்துக் கொடுத்துட்டு, கையோட நானும் போட்டுக்கறேன். நான் இல்லேன்னா இவர் பாடு திண்டாட்டம்தான்!"

அப்பா மகளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"எனக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்று கிசுகிசுத்தார். "டாக்டர் மறதி நோய்னு சொன்னது உங்கம்மாவைத்தானே? பெட்டிகிட்ட கேக்க அவளுக்கு வெக்கம். அவ திருதிருன்னு முழிக்கிறப்பல்லாம் நான் சத்தமா கேட்டுடறேன்."

"அதை அம்மாகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"நல்லா சொன்னே போ! நாப்பது வருஷமா என்னை மறதிக்காரன்னு சொல்லிட்டிருந்தா. இப்பத்தான் ஜெயிச்சுட்ட சந்தோஷத்துல இருக்கா. கெடுத்துடாதே!"