நீலச் சட்டை நாள்

"காப்பிக் கலர்!"

ஜன்னலோரம் நின்ற எடைக்காரர் அடித்தொண்டையில் சொன்னதுமே பார்சல் ஆபீஸில் பேச்சு மூச்சு இல்லை. மேனேஜர் படியேறி வந்தார். எல்லாத் தலைகளும் குனிந்தே இருந்தன. அவர் யாரையும் பார்க்காமல் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எழப்போன லேபிள் அக்கா மறுபடி உட்கார்ந்துவிட்டாள். பார்சல்களில் லேபிள் ஒட்டியே தலை நரைத்தவள், டிரைவர்களுக்கெல்லாம் அக்கா. லீவு கேட்பதற்காகத் திங்கட்கிழமையிலிருந்து மேனேஜரின் நீலச் சட்டைக்குக் காத்திருக்கிறாள். திங்கள் சாம்பல், செவ்வாய் கோடு போட்டது, நேற்று மறுபடி சாம்பல், இன்றைக்கு இந்தக் கண்ராவி.

இதெல்லாம் எடைக்காரர் கண்டுபிடித்த சாஸ்திரம். முடி வெட்டப் போன இடத்தில் ஏதோ பத்திரிகையில் படித்தாராம். நீலம் ரத்தக் கொதிப்பை அடக்குமாம், சாம்பல் மனசை மந்தமாக்குமாம், காப்பிக் கலர் உள்ளே கிடக்கிற கோபத்தையெல்லாம் கிளறிவிடுமாம். கோடு போட்டதற்கு மட்டும் அதில் பலன் எழுதவில்லை.

சிரிக்காதீர்கள், அந்த ஆபீஸில் அது அப்படியே பலித்தது. காலர் நைந்து சாயம் வெளுத்த அந்த நீலச் சட்டையில் மேனேஜர் வந்தால் அன்றைக்கு அவர் தங்கமான மனுஷர். டிரைவர்கள் வாசலிலேயே வணக்கம் போட்டுச் சூழ்ந்துகொள்வார்கள். எடைக்காரர் தன் கைக்காசில் டீ வாங்கி வைப்பார். மேனேஜரின் அரதப்பழசான ஜோக்குக்கெல்லாம் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். லீவு கேட்டவருக்கு லீவு, ஷிப்ட் மாற்றம் கேட்டவருக்கு ஷிப்ட் மாற்றம்.

மற்ற நாளில் வாயைத் திறந்தால் தொலைந்தோம். போன மாதம் ஒரு காப்பிக் கலர் நாளில் லீவு கேட்ட டிரைவரை, "ஒரேயடியா வீட்டுக்கே போயிடு!" என்று அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டது. வேலை போனால் லேபிள் அக்காவுக்கு வேறு போக்கிடம் இல்லை.

அக்காவின் போன் அடித்தது. வெளியூரிலிருந்து மகள்.

"அம்மா, டாக்டர் இன்னைக்கே வந்து படுக்கச் சொல்லிட்டாங்க. நீ எப்பம்மா வருவே?"

"வந்துடறேன்டி. தைரியமா இரு."

தலைப்பிரசவம். மாப்பிள்ளை கப்பலில் எங்கோ நடுக்கடலில் இருக்கிறார். மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போகக்கூட ஒரு ஆள் இல்லை. துணிமணி எடுத்து வைத்த பை திங்கட்கிழமையிலிருந்து அக்காவின் மேஜைக்கடியில் கிடக்கிறது.

எடைக்காரர் குசுகுசுவென்று சொன்னார்: "இன்னைக்கு மட்டும் உள்ளே போயிடாதே தங்கச்சி. நாளைக்குக் கட்டாயம் நீலம்தான். இத்தனை நாள் போடாம இருந்ததே இல்லை."

"குழந்தை என்ன, சட்டைக் கலரைப் பாத்தாண்ணே பிறக்கும்?"

எழுந்து கண்ணாடி அறைக்குள் போனாள். நான்கு ராத்திரியாகத் தூக்கமில்லை. பயப்படுவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டுமே, அதுவும் தீர்ந்துபோயிருந்தது. எடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன?" மேனேஜர் நிமிரவில்லை.

"லீவு வேணும் சார். பொண்ணுக்குப் பிரசவம். இன்னைக்கே போகணும்."

"கூட யார் இருக்காங்க?"

"யாரும் இல்லை சார்."

மேனேஜர் வெடுக்கென்று நிமிர்ந்தார். "யாரும் இல்லையா? என்னம்மா நீங்க, கிளம்புங்க முதல்ல! வண்டி எதாவது பஸ் ஸ்டாண்டு பக்கம் போகுதான்னு கேக்கறேன், ஏறிக்குங்க. குழந்தை பிறந்து, எல்லாம் நல்லபடியா முடிஞ்சதும் வந்தா போதும்."

அக்காவுக்குக் காதை நம்ப முடியவில்லை. அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தேகமே இல்லை, காப்பிக் கலர்தான்.

"பிரசவம்னு முன்னாடியே தெரியும்தானே? ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

சமாளிக்க ஒரு பொய் தேடினாள். அசதியில் அதுகூட அகப்படவில்லை.

"நீங்க நீலச் சட்டை போட்டுட்டு வரட்டும்னு காத்திருந்தேன் சார்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். கோபம் ஒன்றும் காணோம். அவரும் சரியாகத் தூங்கிப் பல நாளாகியிருக்கும் என்று அக்காவுக்குத் தோன்றியது.

"அது ஞாயித்துக்கிழமை துவைக்கும்போது கிழிஞ்சு போச்சும்மா. தைக்கவும் முடியாதுன்னுட்டாங்க. அதே நீலத்துல ஒண்ணு கிடைக்குமான்னு தினமும் ஆபீஸ் விட்டதும் கடை கடையா ஏறி இறங்கறேன்."

"அவ்வளவு ராசியான சட்டையா சார்?"

மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்தே கிடந்த தலைகளைப் பார்த்தார்.

"அதைப் போட்டா மட்டும்தானேம்மா, நீங்கல்லாம் என்கிட்ட சிரிச்சுப் பேசறீங்க."