மேடைக்கு அடியில்

தலைவர் பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மேடையை நடுவில் தாங்கிய சவுக்குக் கம்பு முறிந்தது. மூட்டை தூக்கும் கட்சிக்காரர்கள் நான்கு பேர் அடியில் புகுந்து குறுக்குக் கட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டார்கள். மேலே தலைவர், தன்மீது போலீசில் புகார் கொடுத்த பெண்ணைக் காசுக்குப் பொய் சொல்கிறவள் என்றார். கூட்டம் கைதட்டியது. அடியில் நின்ற கருத்தபாண்டி அந்தப் பெண்ணின் அண்ணன். கூட்டத்துக்கு வராவிட்டால் சங்க அட்டை போய்விடும், மண்டியில் மூட்டை கிடைக்காது என்று வந்திருந்தான்.

“நான் வெளிய போறேண்ணே” என்றான்.

“போ. அவரு விழுந்தா எங்க விழுவாருன்னு நிமிந்து பாத்துட்டுப் போ” என்றார் பக்கத்தில் கட்டையைத் தாங்கி நின்ற கிளைச் செயலாளர் சூசை.

தலைவருக்கு ஆதரவு காட்ட நிர்வாகிகள் எல்லோரும் மேடைக்கு வரவேண்டும் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். செருப்புச் சத்தம் ஒவ்வொன்றாக மேலே ஏறியது. மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை விலக்கி மாவட்டச் செயலாளர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஏறாதீங்கண்ணே, கம்பு முறிஞ்சுபோச்சு” என்றார் சூசை.

“தெரியுதுப்பா. ஏறலைன்னா நாளைக்கு எனக்குப் பதவி இருக்காது. நல்லாப் புடிங்க.”

துணியை விட்டுவிட்டு அவரும் ஏறினார். கட்டை இன்னும் கொஞ்சம் இறங்கியது. மேலே தலைவர், கருத்தபாண்டியின் தங்கச்சி பெயரைச் சொல்லிச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. கருத்தபாண்டியின் தோள் கட்டையைவிட்டு மெல்ல விலகியது.

“பாண்டி,” என்றார் சூசை. அந்தப் பாரமும் அவர் தோளுக்கு வந்தது. “பாண்டி, எனக்குப் பிள்ளைக இருக்குடா.”